எடையை ஏற்ற மறுத்த ஆலன் பேஜுக்கு

மதிப்பிற்குரிய நீதியரசர் ஆலன் பேஜ் அவர்களுக்கு,

வணக்கம். எந்த விளையாட்டிலும் கோல் போடுகிறவரைவிடத் தடுக்கிறவரைத்தான் எனக்குப் பிடிக்கும். அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தபோதும் அப்படித்தான். எல்லாரும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டிருக்க, என் கண் போனதெல்லாம் எதிர்ப்பக்கம் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் அந்த நாலு பேர் மேல்தான். பந்து அசைந்த அடுத்த நொடி, தன்னைவிடப் பெரிய ஆட்களை இடித்து விலக்கிக்கொண்டு உள்ளே பாய வேண்டும். பந்தைத் தொடக் கிடைப்பதே அபூர்வம். இந்த டிஃபென்சிவ் லைன்காரர்களின் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தபோதுதான் உங்களைக் கண்டேன். மினசோட்டா வைக்கிங்ஸ், ஊதா சட்டை, எண் 88.

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 1971-இல்தான் தொடங்குகிறார்கள். அது நியாயம்தான். அந்த வருடம் அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது உங்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன் தடுப்பாட்டக்காரர் எவருக்கும் அது கிடைத்ததில்லை. அதன் பிறகும் இத்தனை காலத்தில் 1986-இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அந்த 1971 டிசம்பரில் டெட்ராய்ட் லயன்ஸோடு நீங்கள் ஆடிய ஆட்டத்தை யாரும் மறக்க மாட்டார்கள். நடுவர்கள் அடுத்தடுத்து உங்கள் மேல் தவறு கொடுத்ததில் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் யாரிடமும் கத்தவில்லை, அந்தக் கோபத்தை அப்படியே ஆட்டத்தில் இறக்கினீர்கள். அதற்குப் பிறகு எதிரணிக்காரர்கள் பந்தைக் கையில் வாங்கித் திரும்புவதற்குள் நீங்கள் அங்கே நின்றீர்கள். அப்படியொரு வேகத்தை அந்த இடத்தில் ஆடும் எவரிடமும் நான் பார்த்ததில்லை. உங்கள் பலம் உங்கள் முதல் அடியில் இருந்தது, உடம்பின் பருமனில் இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பேச வந்தது 1971-ஐப் பற்றி இல்லை, 1978-ஐப் பற்றி.

வைக்கிங்ஸின் தடுப்பு வரிசையில் நின்ற நாலு பேர், கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், அப்புறம் நீங்கள். மைதானத்துக்குக் கூரை கிடையாது, மினசோட்டா பனியில் ஓரத்தில் ஹீட்டர் வைக்கக்கூட கோச் பட் கிராண்ட் விடமாட்டார். அந்தக் குளிரில் ஆடி நாலு முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போனீர்கள், நாலு முறையும் தோற்றீர்கள். அந்த நாலு ஸ்கோரையும் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டப்படும். ஆனால் நாலாவது சூப்பர் பவுல் நடந்த 1977 ஜனவரியில் நீங்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரிந்த அன்றுதான் உங்களை ஆட்டக்காரராக மட்டும் பார்ப்பதை நிறுத்தினேன்.

உலகத்தின் கண்ணெல்லாம் தன் மேல் இருக்கும்போது, ஊரே கொண்டாடும்போது, சம்பளம் கையில் வந்துகொண்டிருக்கும்போது வகுப்பில் போய் உட்கார்ந்து ஒப்பந்தச் சட்டத்தையும் குற்றவியல் சட்டத்தையும் படிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆட ஆரம்பித்த புதிதில் ஒருமுறை சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே விட்டவர் நீங்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகும் முப்பது வயதை ஒட்டி மறுபடி சேர்ந்தீர்கள். இதற்கு வேர் கேன்டனில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒஹாயோவின் அந்த இரும்பாலை ஊரில், ஆலை வேலைதான் நமக்கு என்று பையன்கள் நினைத்து வளர்ந்த ஊரில், சின்ன வயசிலேயே வக்கீல் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் நீங்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது உங்களுக்கு எட்டு வயது. சட்டத்தால் ஒரு நாட்டின் வழக்கத்தையே மாற்ற முடியும் என்று ஒரு கறுப்பினப் பிள்ளையின் மனதில் அன்றைக்கு விழுந்தது, ஃபுட்பால் வந்த பிறகும் அழியவில்லை.

சரி, 1978-க்கு வருகிறேன். சிகரெட்டை விடுவதற்காக உங்கள் மனைவி டயான் ஓட ஆரம்பித்தார், கூடவே நீங்களும் ஓடினீர்கள். ஓட ஓட எடை இறங்கியது. சுமார் 110 கிலோவாக இருந்த உடம்பு நூறை ஒட்டி வந்தது. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டாக்கிளுக்கு இந்த எடை போதாது, ஆட்டமும் முன்போல இல்லை என்பது அணியின் கணக்கு. மறுபடி சாப்பிட்டு எடையை ஏற்றியிருக்கலாம், பலர் அதைத்தான் செய்திருப்பார்கள். நீங்கள் செய்யவில்லை. அந்த சீசனின் நடுவில், பதினொரு வருடம் முழுசாக ஆடிக் கொடுத்த ஆளை வைக்கிங்ஸ் வெளியே அனுப்பியது. சிகாகோ பேர்ஸ் உங்களை எடுத்துக்கொள்ளக் கட்டிய தொகை வெறும் 100 டாலர். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அந்த ஆட்டத்தில் ஒரு மனிதனுக்கு என்ன விலை என்பது இதைவிட அப்பட்டமாகத் தெரிந்துவிட முடியாது. நீங்கள் பல வருடம் வீரர்கள் சங்கத்தின் பிரதிநிதியாக நின்று போராடியதும் இதற்காகத்தானே?

சிகாகோவில் தலைமை கோச் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் (நிலவுக்குப் போனவர் வேறு), தடுப்பாட்டத்துக்குக் கோச் பட்டி ரயன். இரண்டு பேரும் மினசோட்டாவில் உங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், எடையைப் பற்றிக் கவலைப்படாமல் உங்களை இறக்கினார்கள். அதே நூறு கிலோ உடம்போடு 1981 முடியும்வரை ஆடினீர்கள். நடுவில் 1979-இல் மாரத்தானும் ஓடி முடித்தீர்கள். களத்தில் இருக்கும்போதே மாரத்தான் முடித்த முதல் என்.எஃப்.எல். வீரர் நீங்கள்தான். பதினைந்து சீசன், 218 ஆட்டம், ஒன்றைக்கூட விடவில்லை. பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை மடக்கி வீழ்த்துகிற சாக் கணக்கை லீக் அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்ததே 1982-இல், நீங்கள் ஓய்வு பெற்ற அடுத்த வருடம். அதனால் இன்றைய பட்டியல்களில் உங்களை வைக்க வேண்டிய இடத்தில் வைப்பதில்லை. எதிரணி உதைத்த பந்தை 28 முறை மறித்திருக்கிறீர்கள், அதையாவது எல்லாரும் சொல்லலாம். ஆட்டம் உங்கள் உடம்பில் விட்டுவைத்தது அந்த இடது சுண்டுவிரல். மூட்டு பிசகிப் பிசகி, மற்ற நாலு விரலும் நேராக நிற்க அது மட்டும் செங்கோணத்தில் வெளியே திரும்பி நிற்கிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை வைத்தே உங்கள் மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதினீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடப் பையனாக நீங்கள் கோடைக்காலக் கூலி வேலை செய்து கட்டிய கட்டடம்தான் பெரிய வீரர்களைக் கௌரவிக்கக் கேன்டனில் இருக்கும் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம். 1988-இல் அதே இடத்துக்குள் உங்களை அழைத்து கௌரவித்தபோது, பழைய கோச் யாராவது உங்களை அறிமுகப்படுத்துவார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். நீங்கள் அழைத்து வந்தது மினியாபொலிஸின் ஒரு பள்ளித் தலைமையாசிரியரை. பேசியதும் படிப்பைப் பற்றி. ஆட்டக் குறிப்புப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது உங்கள் அணியிலேயே சிலருக்கு வாசிக்க வரவில்லை என்பது உங்களை எவ்வளவு உலுக்கியது என்று சொன்னீர்கள். கல்லூரிவரை போய் வந்தவர்கள் அவர்கள்! பந்து ஆடத் தெரிந்ததால் யாரும் அவர்களை நிறுத்திக் கேட்கவில்லை. அதே வருடம் நீங்களும் டயானும் தொடங்கிய பேஜ் கல்வி அறக்கட்டளை வெள்ளையரல்லாத மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை கொடுக்கிறது. வாங்குகிறவர் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் வேலைகளில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது இந்த நிபந்தனைதான். உதவித்தொகை கொடுக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், வாங்கியவரையும் உடனே கொடுக்கிறவராக்க நினைக்கிறவர்கள் குறைவு.

அப்புறம் 1992. மினசோட்டாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியை மக்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பதவிக்காலம் முடிகிற நீதிபதிக்கு ஆளுநர் காலத்தை நீட்டித்துக் கொடுக்க, தேர்தலே இல்லாமல் போனது. ஆளுநர் நம்மை நியமிக்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை, வழக்குப் போட்டீர்கள். எந்த நீதிமன்றத்தில் உட்கார ஆசைப்பட்டீர்களோ அதே நீதிமன்றத்தில், அந்த நீதிபதிகளுக்கு எதிராகப் போகிற மாதிரி ஒரு வழக்கு. அவர்கள் விலகிக்கொள்ள, மாற்று நீதிபதிகள் விசாரித்துத் தேர்தல் நடத்தச் சொன்னார்கள். நின்றீர்கள், ஜெயித்தீர்கள். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனீர்கள். அதன் பிறகு மூன்று முறை மக்கள் உங்களை மறுபடி அனுப்பினார்கள். எழுபது வயது ஆனதும் விதிப்படி 2015-இல் இறங்கினீர்கள்.

2018-இல் மினியாபொலிஸில் சூப்பர் பவுல் நடந்தபோது ஊரே கொண்டாட்டத்தில் இருக்க, நீங்களும் டயானும் பல வருடம் சேர்த்த பொருட்களை ஊர் நூலகத்தில் பார்வைக்கு வைத்தீர்கள். கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கிய பழைய பெயர்ப் பலகைகள், லிங்கனின் சவ ஊர்வல நாட்களில் ஏந்திய பேனர் எல்லாம் அங்கே இருந்தன. அந்த வருடமே டயான் போய்விட்டார், சில வாரங்களில் அதிபரின் சுதந்திரப் பதக்கம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு உங்கள் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் டகோட்டா பூர்வகுடி மக்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று சொன்ன ஆளுநர் ராம்சேயின் பெயர் அதற்கு இருந்தது. மாற்றச் சொல்லி முன்னால் நின்றது அங்கே படிக்கும் பிள்ளைகள்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும். 1975-க்கும் 1978-க்கும் நடுவில் நீங்கள் எப்படி நாளைக் கழித்தீர்கள் என்பதை விவரமாகச் சொல்லுங்கள். பிராக்டிஸ் முடிந்து அடிபட்ட உடம்போடு எந்நேரம் படித்தீர்கள், தேர்வும் ஆட்டமும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்தீர்கள், சக வீரர்கள் என்ன சொன்னார்கள், எப்போதாவது விட்டுவிடலாம் என்று தோன்றியதா. பதக்கத்தைப் பற்றியும் விருதைப் பற்றியும் மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இந்த வருடம் இருபத்திரண்டு வயதில் ஏதோ ஒரு அணிக்குத் தேர்வாகி, பெரிய செக்கைக் கையில் வாங்கியிருக்கும் ஒரு பையனுக்கு இது நீங்களே சொல்லிக் கேட்க வேண்டிய விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்