கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பவானியில் ஜமக்காளம், போர்வை விற்கிறேன். ‘கூகுளில் உங்கள் கடையை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம், கேரண்டி’ என்று எங்கள் கடைவீதிக்கு அடிக்கடி ஏதாவது ஓர் இணைய விளம்பர நிறுவனத்தார் வருகிறார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கேரண்டி என்றாலே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. பக்கத்துக் கடையின் கூகுள் மேப் பதிவை அப்படியொரு நிறுவனம் தன் மின்னஞ்சலில் தொடங்கியது. ஒப்பந்தம் முடிந்ததும் கைமாற்றித் தர மறுத்துவிட்டது. இன்றும் அதில் அவர்கள் நம்பர்தான். வெளியூர் வியாபாரி கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். உரிமை கேட்டு இப்போது கடைக்காரர் கூகுளுக்கு விண்ணப்பித்திருக்கிறார், பாவம்.

வெப்சைட் முகவரி, விளம்பரக் கணக்கு எல்லாம் கடைக்காரர் பெயரில்தான் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு மேலாளர் அனுமதி கொடுத்தாலே வேலை நடக்கும். விளம்பரப் பணத்தை நம் கார்டிலிருந்து நேராகக் கூகுளுக்கோ மெட்டாவுக்கோ (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் நிறுவனம்) கட்டிவிட்டு, விளம்பர நிறுவனத்தின் கட்டணத்தைத் தனியாகக் கொடுப்பது நல்லது. அப்புறம், லைக் எண்ணிக்கையைக் காட்டினால் மயங்காதீர்கள். எத்தனை போன் வந்தது, எத்தனை ஆர்டர் ஆனது என்று கேளுங்கள்.

வணிகர் சங்கங்கள் இதற்கு ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டுகிறேன்.

– ஜவுளி வியாபாரி, பவானி