இத்தாலி அபராதம்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

திருப்பூர்,
ஏப்ரல் 2024

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வேர் வாடல் வந்து முப்பது தென்னையை வெட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், என்ன எழுதுவதென்று தெரியாமல் எழுந்துவிட்டேன். உங்கப்பா கையால் வைத்த மரங்கள் அவை. பத்தாவது பரீட்சை லீவு முழுக்க அந்தத் தோப்பில்தானே கிடந்தோம். மீதி மரங்களுக்காவது ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேட்டாயா? கேட்காமல் இருந்தால் இந்த வாரமே போ.

இங்கே பரவாயில்லை. ஆர்டர் கொஞ்சம் அசைய ஆரம்பித்திருக்கிறது, பன்னிரண்டு நிட்டிங் மெஷினில் ஒன்பது ஓடுகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, பொழுதோட பேப்பர் படிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உடுமலைக் கல்யாணத்தில் ஒறம்பரை யாரோ சொல்லி, வண்டியை வேகமாக ஓட்டியதற்கு எனக்கு இத்தாலியில் இருந்து அபராதம் வந்த கதை உன் காதுக்கு வந்திருக்கிறது. "ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன் உன்னை என்ன செய்வான், கட்டாமல் விடு" என்று எழுதியிருக்கிறாய். ஜூன் மாதம் பையனோடு நீயும் அதே ரோட்டில் வண்டி ஓட்டப் போகிறாய் என்பதால் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஜூனில் மிலானில் ஐட்மா கண்காட்சி நடந்தது, ஜவுளி மெஷின்களுக்காக. நம்ம ஊரில் இருந்து நிறையப் பேர் போனோம். எட்டாம் தேதி ஆரம்பித்து பதினாலாம் தேதி முடிந்தது. மற்றவர்கள் கடைசி நாளே விமானம் ஏறிவிட்டார்கள், நான் மட்டும் நாலு நாள் தங்கி ஒரு மோட்டோ குஸ்ஸி வண்டியை வாடகைக்கு எடுத்தேன். கோமோ ஏரிக்கரையில் மந்தெல்லோ என்ற சின்ன ஊரில்தான் 1921 முதல் அந்தக் கம்பெனி இருக்கிறது, அதன் வாசல் வழியாகவே போனேன். அங்கிருந்து சோந்திரியோ, போர்மியோ, அப்புறம் ஸ்டெல்வியோ கணவாய். நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், ஸ்டெல்வியோ ரோடு 2,750 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. ஜூன் மாதத்தில் ரோட்டோரம் பனி. அந்தப் பக்கம் இறங்கும்போது 48 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் கல்லில் நம்பர் போட்டிருக்கிறார்கள். திம்பத்தில் 27 வளைவு, வால்பாறைக்கு 40, இரண்டையும் நாம் யெஸ்டி பைக்கில் ஏறியவர்கள்தான், இருந்தாலும் 48 முடிந்து கீழே வந்தபோது என் தோள்பட்டை இரண்டும் கல்லாக இறுகிப் போயிருந்தது.

இங்கேதான் கவனமாகக் கேள். வளைவில் எவனும் வேகமாகப் போக மாட்டான். இறங்கி முடித்ததும் ரோடு நேராகிவிடுகிறது, இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டம், நம்ம திராட்சைப் பந்தல் மாதிரி கம்பி கட்டி வரிசை வரிசையாக. அந்தப் பள்ளத்தாக்கில் மழை குறைவு. மலைகள் மறைத்துக்கொள்வதால் நம்மைப் போல அவர்களும் வானம் பார்த்தவர்கள்தான், அதனால் பல நூறு வருஷத்துக்கு முன்பே மலையில் இருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு அந்த ஊர்ப் பேச்சில் வால் என்று பேர். எனக்குக் கலிங்கராயன் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது, வண்டியை நிறுத்திச் சித்த நேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். திரும்ப வண்டியை எடுத்தபோது மனசு லேசாகிவிட்டது, கையும் லேசாகிவிட்டது, அடுத்து வந்த கிராமத்துக்குள் அப்படியே நுழைந்துவிட்டேன்.

கிராமத்தின் தொடக்கத்தில் வெள்ளைப் பலகையில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். நம்ம ஊரில் அது வெறும் பெயர்ப் பலகை. அங்கே அந்தப் பலகையேதான் வேகக் கட்டுப்பாடு. அதைத் தாண்டினால் மணிக்கு 50 கிலோமீட்டர்தான், தனியாக நம்பர் போட்ட வட்டப் பலகை இருக்க வேண்டும் என்பதில்லை. அதே பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை வரும்வரை 50தான். ஊருக்கு வெளியே சாதாரண ரோட்டில் 90. வண்டி எடுப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், நான் தெரிந்துகொள்ளவில்லை.

அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரும் நிறுத்தவில்லை, கேமரா வெளிச்சம் எதுவும் அடிக்கவில்லை. ஊர் வந்து சேர்ந்து செப்டம்பரில் கிரெடிட் கார்டு கணக்கைப் பார்த்தால் வண்டி வாடகைக் கம்பெனி ஐம்பது யூரோ எடுத்திருக்கிறது. அதுதான் அபராதம், அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்தப் பணம் என் பெயரையும் விலாசத்தையும் போலீசுக்கு எழுதிக் கொடுத்ததற்குக் கம்பெனி எடுத்த கூலி. நீ கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அபராதம் அது இல்லை, அது தனியாக வரும். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அனுப்ப அவர்கள் சட்டம் 360 நாள் தருகிறது, அதுவும் ஓட்டியது யார் என்று தெரிந்த நாளில் இருந்து கணக்கு.

எனக்குப் பிப்ரவரியில் வந்தது. பதிவுத் தபால். நான் அப்போது சூரத் போயிருந்தேன், அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி சாமி அலமாரியில் வைத்துவிட்டார். இத்தாலிய மொழியிலும் ஜெர்மனிலும் எழுதியிருந்தது, அந்தப் பக்கத்து மக்கள் இரண்டும் பேசுகிறவர்கள். நான் வந்து பிரித்துப் பார்த்தது ஏழாவது நாள். அதில் இருந்தது இதுதான்: கருவி காட்டியது 68, சட்டப்படி 5 கழித்து 63, கட்டுப்பாடு 50, ஆக 13 அதிகம். அபராதம் 173 யூரோ, தபால் செலவு தனி. அவர்கள் கணக்கில் அளந்த வேகத்தில் நூற்றுக்கு ஐந்து, குறைந்தது 5 கிலோமீட்டர், கழித்துவிடுவார்கள். கழித்த பிறகு 10 கிலோமீட்டர் வரை அதிகம் என்றால் 42 யூரோ, பத்தைத் தாண்டி நாற்பது வரை 173. நான் 65இல் போயிருந்தால் 42தான். மூன்று கிலோமீட்டர் வேகத்துக்கு 131 யூரோ, ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ரூபாய் கூடுதல்.

இன்னொன்று. தபால் கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் நூற்றுக்கு முப்பது தள்ளுபடி, 173க்குப் பதில் 121 யூரோ 10 சென்ட். அந்த ஐந்து நாள் சாமி அலமாரியில் போய்விட்டது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, வெளிநாட்டுக் கவர் எங்கள் வீட்டுக்கு வாரம் ஒன்று வரும். நீ ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் சொல்லி வை, இத்தாலி ஸ்டாம்ப் ஒட்டிய பதிவுத் தபால் வந்தால் அன்றைக்கே உன்னைக் கூப்பிடச் சொல்.

அறுபது நாளுக்குள் கட்டாவிட்டால் 173 என்பது 347 ஆகிவிடும், அதற்கு மேல் செலவுகள். எதிர்த்து முறையிடவும் வழி இருக்கிறது, ஆனால் பணத்தைக் கட்டிவிட்டால் முறையிட முடியாது. அதனால் முதலில் வண்டி நம்பர், தேதி, மணி மூன்றையும் வாடகை ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் போட்ட பில் ஒன்றும் பத்திரமாக இருந்தது, அந்த மணிக்கு நான் அந்த ரோட்டில்தான் இருந்திருக்கிறேன். ஒத்துப்போனது, அதற்கு மேல் வாதாட ஒன்றும் இல்லை. கூடவே ஒரு படிவமும் இருந்தது, ஓட்டியது யார், லைசென்ஸ் நம்பர் என்ன என்று நிரப்பி அனுப்ப வேண்டியது. அதை அனுப்பாமல் விட்டால் அதற்குத் தனி அபராதம். பணம் கட்டியாயிற்றே என்று அதை விட்டுவிடாதே.

பணம் அனுப்பியதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆன்லைனில் என் கார்டு போகவில்லை. பேங்கில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற ஏ2 படிவம் எழுதி, பான் கார்டு கொடுத்து, அந்தச் சீட்டில் இருந்த ஐபேன் என்ற பேங்க் கணக்கு நம்பருக்கு அனுப்பினேன். அனுப்பும்போது பேங்க் செலவு முழுவதும் என்னுடையது என்று குறிக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் வழியில் உள்ள பேங்க் பத்துப் பதினைந்து யூரோ பிடித்துக்கொண்டு மீதியைத்தான் சேர்க்கும், அந்தப் பக்கம் குறைவாகக் கட்டியதாகக் கணக்கு வைப்பார்கள். நமக்கு வெளிநாட்டில் துணி வாங்குகிற பையர் அனுப்புகிற பணத்தில் இதே தொல்லையைப் பல தடவை பார்த்திருப்பதால் எனக்கு உடனே தோன்றியது. சீட்டு நம்பரையும் வண்டி நம்பரையும் விவரத்தில் எழுதச் சொன்னேன். சேர்ந்ததாகப் பதினோராம் நாள் மெயில் வந்தது.

இனி, ஏன் கட்டினாய் என்ற கேள்வி. ஐரோப்பாவுக்குள் ஒரு நாட்டு அபராதத்தை இன்னொரு நாடு வசூலித்துக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது, நாம் அதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். மெஷின் விற்கிறவர்களைப் பார்க்க நான் மறுபடி அங்கே போகவேண்டியவன் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை மாப்ளே.

நாம் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் அப்பாருத் தாத்தாவை வெள்ளகோவில் ரோட்டில் கார்க்காரன் அடித்துப் போட்டுவிட்டுப் போனானே, ஞாபகம் இருக்கிறதா? நீ மாமன் வீட்டில் தங்கிப் படித்த வருஷம். நீதான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் எங்கப்பாவிடம் சொன்னாய். வேற மாநிலத்து நம்பர் என்று மட்டும் பார்த்தவர்கள் சொன்னார்கள், நிற்கவில்லை, யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் காலோடு அப்பாரு ஒன்பது வருஷம் இருந்தார். ஏர் பூட்ட முடியாமல் இரண்டு காங்கேயம் காளையையும் கன்னபுரம் சந்தையில் விற்றார். விற்றுவிட்டு வந்து கட்டுத்தரையில் உட்கார்ந்திருந்த அந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அந்தக் கார்க்காரனுக்கு அது பெயர் தெரியாத ஒரு ஊர். ரோடு நேராக இருந்தது, அவ்வளவுதான் அவனுக்கு.

அந்த இத்தாலிக் கிராமத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் தோட்டம். ஒரு கிழவர் டிராக்டரில் மருந்துத் தொட்டியை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டக் காத்திருந்தார், அவரைக் கடந்து போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு வேற ஊர்க்காரன் நான். அவர்களிடம் நான் பிடிபட்டேன், எங்களிடம் அந்தக் கார்க்காரன் பிடிபடவில்லை. கட்டாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

நம்ம ஊரில் இப்போது 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் காருக்கும் பைக்குக்கும் வேகத்துக்கான அபராதம் ஆயிரத்தில் இருந்து இரண்டாயிரம் வரை. வாங்கினால் சரி. எங்கள் தோட்டத்து முன்னால் இன்னமும் பறக்கிறார்கள்.

உன் பையனிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்றிரண்டு. சர்வதேச லைசென்ஸ் இல்லாமல் போகாதீர்கள், ஆர்டிஓ ஆபீசில் 4ஏ படிவம், ஆயிரம் ரூபாய், ஒரு வருஷம் செல்லும். இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இருவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கட்டும், அப்போதுதான் சீட்டு வந்தால் அவரவர் பெயருக்குப் போகும். பழைய நகரங்களின் நடுவில் வண்டி நுழையத் தடை உள்ள பகுதிகள் உண்டு, நுழைகிற இடத்தில் கேமரா இருக்கும், அனுமதி இல்லாமல் நுழைந்தால் அபராதம். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் புக் பண்ணும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு வா. ஒப்பந்தம், அபராதச் சீட்டு, பேங்க் ரசீது மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன், அவன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். மத்தியானத்துக்கு அரிசியும் பருப்புஞ்சோறு ஆக்கி வைப்பதாக அம்மா சொல்கிறார். வெட்டாமல் மீதி இருக்கிற மரங்களின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு வா.

உன் மச்சான்