மேற்பார்வைக்கும் நிதி ஒதுக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவனங்களைப் பற்றி நாளிதழ்களில் வெளிவருபவை பெரும்பாலும் அவற்றுக்கு வரும் வெளிநாட்டு நிதியைப் பற்றியோ, அவை ஆற்றிய நற்பணிகளைப் பற்றியோ இருக்கின்றன. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களை யார், எப்படி வழிநடத்துகிறார்கள் என்ற கேள்வி எழுவதே அரிது. தென்மாவட்டங்களில் நெடுங்காலம் திட்ட ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றியவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நமது தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் மேற்பார்வை என்ற பெயரில் நடப்பது கணக்குக் கேட்பதுதான். இந்த மாதம் எத்தனை கூட்டம், எத்தனை பயனாளிகள், வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கியாயிற்றா, வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டதா என்று விசாரிப்பதோடு மேலே இருப்பவரின் கடமை முடிந்துவிடுகிறது. நன்கொடையாளருக்கு அனுப்பும் காலாண்டு அறிக்கைக்கு இவையெல்லாம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஊரில் குழந்தைத் திருமணம் ஒன்று நடக்கவிருப்பதை அறிந்த களப்பணியாளர் ஒருவர் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-க்குத் தகவல் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரிகள் வந்து திருமணத்தை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் மாலை அதே தெருவுக்கு வகுப்பெடுக்கப் போக வேண்டியவர் அந்தக் களப்பணியாளர்தான். தகவல் சொன்னது யார் என்பது ஊருக்குத் தெரியாமல் இருக்காது. அவருக்குத் துணையாக யார் போவது, சில வாரங்களுக்கு அவரை வேறு ஊருக்கு அனுப்புவதா, பெண்ணின் உறவினர்கள் வீடு தேடி வந்தால் எந்த நேரத்தில் யாரை அழைப்பது என்றெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க ஒருவர் வேண்டும். அறிக்கையிலோ இவ்வளவும் ‘தடுக்கப்பட்ட திருமணம் 1’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது.

இது வீண் அச்சம் அன்று. 1992-இல் ராஜஸ்தானின் பதேரி கிராமத்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவி, மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் அடிமட்டப் பணியாளராக இருந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதே அவர் மீதான பகைக்குக் காரணம். அக்கொடுமையை அடுத்து ‘விசாகா’ உள்ளிட்ட அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1997-இல் வகுத்தது. அதன் தொடர்ச்சியாக 2013-இல் வந்த சட்டம், பணியிடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் சங்கம், அறக்கட்டளை, அரசுசாரா நிறுவனம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் வெளி உறுப்பினரைப் பெண்கள் நலனுக்காக உழைக்கும் தன்னார்வ அமைப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளவும் சட்டம் வழிசெய்கிறது. அப்படி ஆலைகளின் குழுக்களில் போய் அமர்ந்து பிறருக்கு அறிவுரை கூறிவருகிற சில அமைப்புகளில், தமக்கென்று ஒரு குழு காகிதத்தில்கூட இல்லாததைக் கண்டிருக்கிறேன். நிறுவனத்தை நடத்துபவர் மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்பதையும் களப்பணியாளர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வேறு வாசல்களும் குறுகி வருகின்றன. ஊதியத்துக்கு ஆள் அமர்த்தி முறையாக இயங்கும் அறநிறுவனங்களும் தொழில் தகராறுகள் சட்டத்தின் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரக்கூடும் என்று, 1978-இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு கூறியது. பணிநீக்கம் செய்யப்பட்ட பலருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் செல்ல அது வழியாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணியில் ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே, நிறுவனத்துக்கு உள்ளேயே முறையான மேற்பார்வையும் குறைகேட்கும் ஏற்பாடும் இருக்க வேண்டிய கட்டாயம் முன்னைவிடக் கூடியிருக்கிறது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பள்ளி ஆசிரியரின் சம்பளமும் மருத்துவமனை மருத்துவரின் சம்பளமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நிர்வாகத்துக்கென அமர்த்தப்படுவோரின் சம்பளமும் பயணச் செலவும் வருகின்றன. விளைவாக, நெருக்கடி வரும்போது முதலில் கைவைக்கப்படுவது ஒருங்கிணைப்பாளர் பதவிதான். ஒரு வட்டாரத்தைப் பார்த்தவர் தலையில் மூன்று வட்டாரங்கள் ஏறுகின்றன. உள்நாட்டு நன்கொடையாளர்களும், தங்கள் பணம் முழுவதும் பயனாளிக்கே போய்ச் சேர வேண்டும் என்று விரும்பி, மேற்பார்வைக்கான செலவை வீண்செலவாகவே பார்க்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் நிதியின் மேல் போட்டுவிட முடியாது. தாம் சம்பளம் வாங்காததையே அளவுகோலாகக் கொண்டு, மற்றவர்கள் சம்பள உயர்வோ விடுப்போ கேட்பதை அர்ப்பணிப்புக் குறைவு என்று கருதும் நிறுவனர்கள் இருக்கிறார்கள். (அவர்களில் பலருக்குப் பரம்பரை நிலமோ, ஓய்வூதியமோ, அரசுப் பணியிலுள்ள துணைவரோ இருப்பது வேறு விஷயம்.) எழுத்து வடிவில் பணி நியமன ஆணை தருவதற்கும், களப்பணியாளரோடு பதினைந்து நாளுக்கொரு முறை ஒரு மணி நேரம், கணக்குப் பேசாமல், அவருடைய சிக்கல்களை மட்டும் பேசுவதற்கும் வெளிநாட்டு நிதி தேவையில்லை. நிர்வாக அறங்காவலரின் உறவினரல்லாத ஓர் அறங்காவலரை, ஊழியர்கள் நேரடியாக அணுகக்கூடியவராக அறிவிப்பதற்கும் செலவு ஏதுமில்லை.

நன்கொடை தருவோர், திட்ட வரைவில் மேற்பார்வைக்கென ஒரு தொகையைத் தாமாகவே சேர்க்கச் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனங்களைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் செல்லும் தங்கள் நிருபர்களும், எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று கேட்கும்போதே, களப்பணியாளர்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் அங்கே நீடிக்கிறார்கள், ஏன் விலகுகிறார்கள் என்றும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திட்ட ஒருங்கிணைப்பாளர்,
திண்டுக்கல் மாவட்டம்