தாத்தா வாகும் உன் தூக்கமும்

அன்பு மகனுக்கு,

"எனக்கு ஐந்து மணி நேரம் போதும் அம்மா, தாத்தா வாகு" என்று போனில் சொன்னாய். தாத்தா நான்கு மணிக்கே எழுந்து வயலுக்குப் போவார், உண்மைதான். ஆனால் இரவு எட்டரைக்கே படுத்துவிடுவார். மதியம் சாப்பிட்டதும் திண்ணையில் துண்டை விரித்துச் சாய்ந்தால் வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுவார். அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

குறைந்த தூக்கம் பரம்பரையாக வருவது பொய்யில்லை. தினமும் சுமார் ஆறேகால் மணி நேரமே தூங்கி நலமாக இருந்த ஒரு தாய்க்கும் மகளுக்கும் டிஇசி2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை, கலிபோர்னியாவில் யிங்-ஹூய் ஃபூ குழுவினர் 2009-இல் கண்டறிந்தார்கள். ஆனால் அது மிக மிக அரிது. அப்படிப்பட்டவர்கள் தாமாகவே விழித்துக்கொள்வார்கள். உனக்கோ மூன்று அலாரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கூப்பிட்டாலும் தூக்கக் குரலில்தான் பேசுகிறாய்.

இன்னொன்றும் உண்டு. இரட்டையர்களை 38 மணி நேரம் விழித்திருக்க வைத்துக் கவனத்தைச் சோதித்த ஆய்வில், ஒரே கரு இரட்டையர்கள் தடுமாறிய அளவு பெரும்பாலும் ஒத்திருந்தது. தூக்கம் கெட்டால் யார் எவ்வளவு தடுமாறுவார் என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது மரபணு அல்ல. அமெரிக்காக்காரர்களுக்காக நள்ளிரவில் நடக்கும் உன் மீட்டிங்தான்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது 2003-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு. 14 நாட்கள் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ படுக்கவிட்டு, திரையில் எண் தெரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நாளுக்கு நாள் கை தாமதித்தது, கவனம் தவறியது. முடிவில், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களைக் கேட்டால் மட்டும், லேசான தூக்கக் கலக்கம்தான் என்றார்கள். "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நீ சொல்வதை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அதே கண்ணோடுதானே விடியற்காலையில் பைக் ஓட்டி வருகிறாய்?

மேலாளரிடம் பேசி, வாரத்தில் சில நாட்களாவது அந்த மீட்டிங்கை மாற்றிக் கேள். பொங்கலுக்கு ஒரு வாரம் விடுப்புப் போட்டு வா. அலாரம் வைக்காதே, போனை என்னிடம் கொடுத்துவிடு. முதல் இரண்டு நாள் பழைய பாக்கி தீரட்டும். அதன் பிறகு நீ தானாக எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று பார்த்துவிட்டு, தாத்தா வாகா இல்லையா என்று பேசலாம்.

அன்புடன்,
அம்மா