பொங்கலுக்கு வரும் முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாய்க்குட்டி பப்லுவையும் கூட்டிக்கொண்டு பொங்கலுக்கு வருகிறோம் என்று நீ சொன்னதில் அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும்தான். அதற்குள் நீங்கள் இருவரும் அதைக் கொஞ்சம் பழக்க வேண்டும். போனில் ஆரம்பித்தால் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

பப்லு சொல்பேச்சே கேட்பதில்லை என்கிறாய். கோயமுத்தூர் வந்தபோது நான் கவனித்தேன். மாப்பிள்ளை சாப்பிடும்போது தட்டிலிருந்து ஒரு விள்ளல் தோசை போடுகிறார். அடுத்த வேளை நீ சாப்பிடும்போது அது மடியில் காலை வைத்தால் அதட்டுகிறாய். குட்டிக்கு என்ன புரியும்? விடாமல் கேட்டால் எப்போதாவது கிடைக்கும் என்பது மட்டும் புரியும். எப்போதாவது கிடைக்கிற தீனிக்குத்தான் நாய் ரொம்ப மல்லுக்கட்டும். ஆகவே சாப்பிடும் இடத்தில் யாரும் எதுவும் போடுவதில்லை என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். சோபாவில் ஏறலாமா கூடாதா என்பதும் அப்படித்தான். எதுவாக இருந்தாலும் சரி, நாளுக்கு ஒன்றாக மாறக் கூடாது.

இங்கே நம் நாய் மணி, சோறு வைக்கிற வட்டலை எடுத்தாலே உட்கார்ந்துவிடுகிறான். குட்டியில் அவனும் தாவிக்கொண்டுதான் இருந்தான். அம்மா வட்டலோடு பேசாமல் நிற்பாள். அவன் தாவினால் வட்டல் மேலே போகும். பின்பக்கம் தரையில் பட்டதும் வட்டல் கீழே வரும். அதட்டல் எதுவும் கிடையாது. சீக்கிரமே பிடித்துக்கொண்டான். ஆள் மேல் தாவுவதற்கும் இதே வழிதான். தாவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள், நாலு காலும் தரையில் இருக்கும்போது தடவிக்கொடுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, கண்ணு. வாசலிலேயே அது மேலே பாய்ந்தால் தாங்கமாட்டாள்.

நல்லது செய்தால் அந்த நொடியிலேயே பாராட்ட வேண்டும். புளியங்கொட்டை அளவு வேகவைத்த கோழித் துண்டு போதும், உப்பு மசாலா வேண்டாம். சற்றுத் தாமதித்தால் எதற்குக் கொடுத்தாய் என்று அதற்குத் தெரியாது. தண்டனையும் அப்படியே. நீ ஆபீஸ் முடிந்து வந்து, காலையில் பெய்த மூத்திரத்துக்கு மூக்கைத் தேய்த்தால் உன்னைக் கண்டு பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போ. அங்கே ஒன்றுக்கு இருந்து முடித்ததும் தட்டிக்கொடு.

செருப்பைக் கடிப்பது பல் விழுந்து முளைக்கிற வயசு என்பதால். ஆறு, ஏழு மாதம் வரை அப்படித்தான் இருக்கும். கெட்டிக் கயிறு முடிச்சுப் போட்டுக் கொடு. பழைய செருப்பு மட்டும் வேண்டாம். எது பழசு, எது புதுசு என்று அதற்குத் தெரியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சில வருடங்களாகக் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது உனக்குத் தெரியும். செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து சனங்கள் போராடினார்கள். ஆட்டை நம்பியே பிழைக்கிற குடும்பம் ஒரே ராத்திரியில் பட்டியை இழந்தால் என்ன செய்யும்? பப்லு கெட்ட குட்டி இல்லை. ஆனால் ஆடு மிரண்டு ஓடினால் எந்த நாய்க்கும் துரத்தத் தோன்றும். துரத்துவதே அதற்குப் பெரிய சந்தோஷம். ஒரு தடவை ருசி கண்டால் மறக்கடிப்பது சிரமம்.

ஆகவே இங்கே இருக்கும்வரை ஆடு மேய்கிற கொறங்காட்டுப் பக்கம் கயிறு இல்லாமல் விடக் கூடாது. உள்ளூர் நாய் எத்தனை சாதுவாக இருந்தாலும் சரி, நம் குட்டிக்கு இதுதான் ஏற்பாடு. முதலில் தூரத்தில் நின்று ஆட்டைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு கொடு. இழுத்தால் சத்தம் போடாமல் இன்னும் பின்னால் வா. அமைதியாக இருக்கும்போது கொஞ்சம் கிட்டே போகலாம்.

அதற்கு இப்போதே "வா" என்றால் வரப் பழக்கு. வீட்டுக்குள் ஆரம்பி, அப்புறம் நீளக் கயிற்றோடு வெளியே. வந்தால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது நல்லது கிடைக்க வேண்டும். குளிப்பாட்டவோ திட்டவோ "வா" என்று கூப்பிடாதே. நீயே போய்ப் பிடித்துக்கொள்.

வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்றா? அந்த அட்டையைக் கொண்டு வா. பொங்கலுக்குச் சொந்தபந்தம் நிறைய வரும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு, சாக்லேட், திராட்சை யாரும் போட்டுவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உட்கார, இறங்க, வர என்று நீங்கள் என்னென்ன சொல் வைத்துப் பழக்குகிறீர்களோ, அதை எழுதி அனுப்பு. நானும் அம்மாவும் அதே சொல்லைச் சொல்லிக் கூப்பிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா