குட்டி சாப்பிடவில்லை என்று அழாதே

உசிலம்பட்டி
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

நேற்று நீ போனில் அழுததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. "டொராண்டோவுக்குப் போய் ஒரு பல்லிக்காக அழுறாளே" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். என் கவலை வேறு. மணிக்கொரு தடவை அந்தக் குட்டியை வெளியே எடுத்துப் பார்க்கிறதாகச் சொன்னாயே, அதுதான். அம்மா பக்கத்தில் இருந்தால் போனில் நான் ஒரு பேச்சை முழுசாக முடிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கடையிலிருந்து வந்து மூன்றே நாள் ஆன லெப்பர்டு கெக்கோ பல்லிக்குட்டி சாப்பிடாமல் கிடப்பது நோய் இல்லை பாப்பா. ஒரு வாரம் வரைக்கும், சில குட்டிகள் அதற்கு மேலும், இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாலைப் பார். கொழுப்பை அங்கேதான் சேர்த்து வைத்திருக்கும். நீ அனுப்பிய போட்டோவில் வால் கழுத்தளவுக்குத் தடித்துத்தான் இருக்கிறது. அது அப்படி இருக்கும்வரை பதற வேண்டாம். வால் மெலிந்துகொண்டே போனாலோ, தண்ணீராகக் கழிந்தாலோதான் டாக்டரிடம் ஓட வேண்டும்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்தபோது, திருமங்கலம் சந்தையில் ஆட்டுக்குட்டி வாங்கிய கையோடு மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சார், குழையே கடிக்க மாட்டேங்குது" என்பார்கள். தாயைப் பிரிந்து, வண்டியில் குலுங்கி, தெரியாத வாசலில் இறங்கிய குட்டி. சுற்றிலும் தெருப்பிள்ளைகள். ஆளுக்கொரு கை அதைத் தடவிக்கொண்டிருக்கும். பாதிப் பேருக்கு நான் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: ஒரு மூலையில் கட்டு, தண்ணி வை, முன்னாடி எதைத் தின்றதோ அதையே போடு, பிள்ளைகளை விரட்டு. ஊசி போடுவேன் என்று நினைத்து வந்தவர்களுக்கு இது பிடிக்காது. சும்மா இரு என்று சொல்வதற்கு எதற்குக் கவர்மெண்ட் சம்பளம் என்று என் காதுபடவே ஒருவர் கேட்டிருக்கிறார்.

உனக்கும் அதேதான். ஆனால் ஆட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஆடு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். உன் குட்டி வெளியிலிருந்து சூடு வாங்கினால்தான் தின்றது செரிக்கும். சூடு போதாத நேரத்தில் பூச்சி உள்ளே போனால் வயிற்றிலேயே கெட்டுவிடும். அதனால் சாப்பிட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால் தரை எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும். நேற்று அதைக் கேட்டதற்கு "ரூம் ஹீட்டர் ஓடுதுப்பா" என்றாய். ரூம் 21 டிகிரி இருந்தால் உனக்குப் போதும், அதற்குப் போதாது.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்கு மூலை, இங்கெல்லாம் இருக்கிற வறண்ட பாறைப் பூமிதான் அதன் பூர்வீகம். பகலெல்லாம் இடுக்கில் கிடந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். நாகமலையில் சாயங்காலம் போய் உட்கார்ந்தால், வெயில் இறங்கிய பிறகும் பாறை கீழேயிருந்து சுடுமே, அந்தச் சூட்டில் வயிற்றை வைத்துப் படுக்கிற ஜாதி இது. ஆகவே அது இருக்கிற கண்ணாடித் தொட்டியின் ஒரு பக்கம் மட்டும், அடியில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு, ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகும் விரிப்பு, போடு. அந்தப் பக்கம் தரை 31 முதல் 33 டிகிரி இருக்கட்டும். மறு பக்கம் 24 முதல் 26. எங்கே எப்போது படுப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ராத்திரி 20, 21 வரை இறங்கினால் பரவாயில்லை.

சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைச் செருகாதே. காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. அது இல்லாவிட்டால் மேட் சூடு ஏறிக்கொண்டே போய் வயிற்றுத் தோல் வெந்துவிடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற வட்ட மீட்டரை நம்பாதே, அது காற்றைத்தான் காட்டும். ஒயர் வைத்த தெர்மாமீட்டர் வாங்கி, முனையைத் தரையிலேயே வை. கடைக்காரர் தலையில் கட்டிய அந்தச் சூடாகும் கல்லை எடுத்துவிடு, ஒரே இடத்தில் கொதித்துச் சுட்டுவிடும். ராத்திரிக்குச் சிவப்பு பல்பும் வேண்டாம், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

அப்புறம் ஒளிய இடம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரமாக ஒன்று. கடைப் பொருள்தான் வேண்டும் என்றில்லை. தயிர் டப்பாவைக் கவிழ்த்து வாசல் வெட்டினால் போதும், வெட்டிய விளிம்பைத் தேய்த்துவிடு. ஈர டப்பாவுக்குள் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பர் வை. குளிர்காலத்தில் அங்கே ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்றே காய்ந்துவிடும் என்று நீதான் சொல்வாய். குட்டி அடிக்கடி தோல் உரிக்கும், ஈரம் இல்லாவிட்டால் தோல் விரலில் மோதிரம் மாதிரி இறுகி விரலே போய்விடும். உரிக்கிற நேரத்தில் உடம்பு வெளுத்துப் போகும், உரித்த தோலைத் தானே தின்றுவிடும். பயந்து போன் பண்ணாதே. முடிந்ததும் விரல்களை மட்டும் பார்.

தொட்டியின் மூன்று பக்கமும் வெளியே பேப்பர் ஒட்டு. ஜன்னல் வெயில் கண்ணாடியில் விழக் கூடாது. டிவி பக்கத்திலும் வேண்டாம். உன் ரூம்மேட்டின் சிநேகிதர்கள் வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பதை இந்த மாதம் நிறுத்தி வை. தரைக்குக் கிச்சன் டவல் போதும். மணல் பார்க்க அழகுதான், ஆனால் குட்டி இரையோடு சேர்த்து அள்ளி விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

சாப்பாடு. கடையில் எந்தப் பூச்சி போட்டார்கள் என்று கேட்டு அதையே வாங்கு. அதன் இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். சாயங்காலம் விளக்கை மங்கலாக்கிவிட்டு இரண்டு மூன்று போடு, தள்ளி வந்துவிடு. நீ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் அது தின்னாது. தின்னாத கிரிக்கெட் பூச்சியை ராத்திரியே எடுத்துவிட வேண்டும், தூங்குகிற குட்டியை அது கடித்துவிடும். பழகிய பிறகு தினமும் போடலாம். பூச்சிக்கு முந்தின நாள் கேரட், கீரை கொடு, அதன் வயிற்றில் இருப்பதுதான் குட்டிக்குப் போகிறது. போடும்போது கால்சியம் பொடியில் புரட்டு, வாரத்தில் ஓரிரு முறை வைட்டமின் டி3 கலந்தது. இதை விட்டால் எலும்பு வளைந்து, தாடை மெத்தென்று ஆகிவிடும். கன்று போட்ட மாடு கால்சியம் இறங்கிப் படுத்துவிடுவதை என்னோடு வந்து பார்த்திருக்கிறாய். மாட்டுக்கு நரம்பில் மருந்து ஏற்றினால் எழுந்துவிடும், வளைந்த எலும்பு அப்படி நிமிராது. கோடையில் அங்கே மின்மினி பறக்குமாம். ஒன்றைக்கூடப் போட்டுவிடாதே, பல்லி இனத்துக்கு அது விஷம், உயிரே போய்விடும்.

"காசு கொடுத்துப் புழு வாங்குறாளா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அரணை கடித்தால் மரணம் என்கிற பழைய பேச்சையும் எடுத்தாள். அரணைக்கே விஷம் கிடையாது, இதற்கு எங்கிருந்து வரும் என்றேன். நம் டியூப்லைட்டுப் பின்னால் இருக்கிறதே, அதற்கு இமை இல்லை, இதற்கு இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும், சுவரில் ஏறாது என்று சொன்னதும் கொஞ்சம் இளகினாள். தலையில் விழாது என்றால் பலன் பார்க்க வேண்டியதில்லையே. ஆணா பெண்ணா என்று கேட்டாள். இந்த வயதில் தெரியாது. முட்டை எந்தச் சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்தது அது. 26 டிகிரியை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் பெண், 32ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஆண், இன்னும் ஏறினால் மறுபடி பெண். ஆகவே பேர் வைக்க அவசரப்படாதே. இப்போது இருக்கிற பட்டைகளும் வளர வளரப் புள்ளியாக மாறிவிடும்.

கையில் எடுப்பது. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து ஒரு வாரமாவது போகட்டும். அதுவரை தண்ணீர் மாற்ற, அசுத்தத்தை எடுக்க மட்டும் கை உள்ளே போகட்டும். அப்புறம் உள்ளங்கையை விரித்துத் தரையில் வை, அது நக்கிப் பார்க்கும், ஏறும், இறங்கும். மேலேயிருந்து கையை இறக்கினால் பருந்து வருகிறது என்றுதான் அதற்குப் படும். வாலை மெதுவாக நெளித்து ஆட்டினால் மிரண்டிருக்கிறது, கையை எடுத்துக்கொள். வாலைப் பிடிக்கவே கூடாது, கழற்றிவிட்டுப் போய்விடும். மறுபடி முளைக்கும், ஆனால் பழைய வடிவம் வராது, சேர்த்து வைத்த கொழுப்பும் போச்சு. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு. அதன் கிண்ணத்தைச் சமையல் சிங்க்கில் கழுவாதே, சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றும்.

நாய் பூனை பார்க்கிற டாக்டர் எல்லாரும் ஊர்வன பார்க்க மாட்டார்கள். இப்போதே ஒருவரைத் தேடி நம்பர் வாங்கி வை. இந்த மாதத்துக்குள் ஒரு தடவை கழிவைக் கொடுத்துப் பரிசோதித்துவிடு, கடைக் குட்டிகளுக்குக் குடல் ஒட்டுண்ணி இருப்பது சகஜம். இது 15, 20 வருஷம் இருக்கிற ஜீவன், ஆரம்பத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. சமையல் தராசில் வாரம் ஒருமுறை கிராம் கணக்கில் எடை எடு. சின்ன டப்பாவோடு வைத்து எடுத்துவிட்டு டப்பா எடையைக் கழித்துக்கொள். தேதியோடு நோட்டில் எழுதி வை. டாக்டருக்கு உன் பயத்தைவிட அந்த நோட்டுதான் உதவும்.

பருப்புப் பொடியும் சுண்டைக்காய் வற்றலும் வியாழக்கிழமை பார்சல் போடுகிறாள் அம்மா. தெர்மோஸ்டாட் வாங்கியாச்சா என்று இன்றைக்கே மெசேஜ் போடு. எடையை அடுத்த ஞாயிறு பேசும்போது சொல்லு.

அப்பா