பூனையின் வாலடியில் அரிசி மாதிரி

அன்புள்ள விஜயா,

அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் மனசு நிம்மதியானது. இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு மூட்டுவலி பழையபடி. பாரதி கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, பூனைகள் மட்டும் அவள் கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

சரி, உன் பூனை செல்லி விஷயத்துக்கு வருகிறேன். வாலுக்கு அடியில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது, சிலது நெளிகிறது, பூச்சி மருந்து ஊற்றியும் போகவில்லை என்று கவலைப்பட்டிருந்தாய். அது நாடாப்புழுவின் துண்டு. புழு தலையால் குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும், முட்டை நிறைந்த கடைசித் துண்டுகள் மட்டும் கழன்று வெளியே வரும், காய்ந்தால் எள்ளளவு சுருங்கி அது படுக்கிற இடத்தில் உதிர்ந்து கிடக்கும். நீ ஊற்றிய மருந்தின் பாட்டிலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படி. பைரண்டல் மட்டும் என்று போட்டிருந்தால் அது உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும்தான் போக்கும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவாண்டல் வேண்டும். இரண்டும் சேர்ந்த பூனை மாத்திரையே கிடைக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்கு. எடைக்கு ஏற்றபடிதான் அளவு, அதனால் முதலில் செல்லியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறு, அப்புறம் உன் எடையைக் கழித்துவிடு. மாத்திரை கசப்பு, நாக்கின் பின்பக்கம் வைத்துச் சட்டென்று வாயை மூடி, சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடு. நுரை தள்ளினாலும் பயப்படாதே, கசப்புக்குத்தான்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது மாத்திரையைப் பற்றி இல்லை. இந்தப் புழு பூனைக்குப் பெரும்பாலும் வருவது தெள்ளுப்பூச்சியால்தான். தரையில் உதிர்ந்த முட்டையைத் தெள்ளின் குஞ்சுப்புழு தின்னும், அது வளர்ந்து தெள்ளாகிப் பூனை மேல் ஏறும், பூனை உடம்பை நக்கும்போது அதை விழுங்கிவிடும். விழுங்கி மூன்று வாரத்தில் மறுபடி அரிசி! மாத்திரை போட்ட அன்றைக்கு உள்ளே இருக்கிற புழுவைத்தான் தீர்க்கும், நாளை விழுங்கப்போகிற தெள்ளுக்கு அது காவல் இல்லை. வீட்டில் தெள்ளே இல்லை என்கிறாயா? பல் நெருக்கமான சீப்பால் முதுகை வாரி, உதிர்கிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பார். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளு குடித்த ரத்தத்தின் கழிவு.

பூனை மேல் தெரிகிற தெள்ளு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் முட்டையும் குஞ்சும் கூடுமாகப் பாயிலும் சோபா இடுக்கிலும் இருக்கிறது. படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடு, மூலைமுடுக்கெல்லாம் பெருக்கு. கழுத்தின் பின்னால் விடுகிற சொட்டு மருந்தை வீட்டில் இருக்கிற எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் விடு, சில மாதம் விடாமல் செய், ஏனென்றால் கூட்டுக்குள் இருப்பது வாரக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். நாய்க்கு வாங்கிய மருந்தை மட்டும் தொடவே தொடாதே. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு விஷம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி விட்டு, அந்தப் பூனை கைகால் உதறி விழுந்ததைப் பார்த்தவள் நான்.

அத்தை பூண்டு கொடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம்! பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பேரனுக்கு வாங்கி வைத்த அல்பெண்டசோல் பூச்சி மாத்திரையையும் உடைத்துக் கொடுக்காதே, எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடும்.

மொட்டை மாடிக் குட்டிகளையும் மறந்துவிடாதே. உருண்டைப்புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடும், வயிறு மட்டும் உப்பி உடம்பு தேறாமல் இருப்பது பெரும்பாலும் அதனால்தான். மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறந்த பிறகும் இரண்டு வாரம் வரை மருந்து கொடுக்க வேண்டும். உடம்புக்குள் சுற்றுகிற இளம்புழுவை அந்த மருந்து தொடாது, அது குடலுக்கு வந்த பிறகுதான் மாட்டும், அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுப்பது. தாய்க்கும் கூடவே கொடு. எலி பல்லி பிடிக்கிற பெரிய பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஏதாவது குட்டிக்கு ஈறு வெளுத்து, மலம் கறுப்பாகப் போனால் கொக்கிப்புழு ரத்தம் உறிஞ்சுகிறது என்று சந்தேகப்பட வேண்டும், வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடு.

பேரன் விளையாடுகிற மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடு. உருண்டைப்புழு முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும், வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும், குழந்தை வாய்க்குப் போனால் கண்வரை பாதிக்கலாம். பூனையின் மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் முட்டை முதிர நேரமே கிடைக்காது. பயந்துபோய்ச் செல்லியை வெளியே விட்டுவிடாதே விஜயா, கை கழுவுவதும் தட்டு அள்ளுவதும் போதும்.

வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை உனக்குப் பக்கம்தானே, புது மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் நுண்ணோக்கியில் பார்த்து என்ன புழு என்று சொல்லிவிடுவார்கள். நாடாப்புழு முட்டை அதில் தப்பிவிடுவதும் உண்டு, அதனால் அந்த அரிசி ஒன்றிரண்டையும் தாளில் மடித்துக் கொண்டு போ. என்ன சொன்னார்கள், செல்லி எத்தனை கிலோ என்று எழுது. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கமலா